ஐஸ்காரன் அனுப்பிய மருந்து

உரும்பிராய்,
12.10.1992

அன்புள்ள தம்பி தியாகராசாவுக்கு,

அக்கா இராசமலர் எழுதுவது. நானும் அத்தானும் உன் மகள் தர்மினியும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமாய் இருக்கிறாய் என்பது அனுப்பிய படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கன்னம் வைத்திருக்கிறாய்.

உன் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தாள். வாசித்தேன். ஐந்து பக்கம், ஐந்தும் ஐஸ். பெரிய மண்டபமாம், தரையெல்லாம் ஐஸாம், கத்தி பூட்டின சப்பாத்தோடு ஆட்கள் ஓடி ஓடித் தடியால் ரப்பர்த் தட்டை அடிக்கிறார்களாம். அதற்குப் பெயரும் ஹொக்கியாம். வருகிற பங்குனியில் ஆசிய நாடுகள் எல்லாம் அங்கே போட்டிக்கு வருகின்றனவாம். எனக்கு வந்த கோபத்தை எழுதக் கடதாசி காணாது.

மயிலிட்டியை விட்டு ஓடிவந்த நாளிலிருந்து நான் ஐஸைக் கண்ணால் காணவில்லை. கரண்ட் இல்லாமல் மூன்றாவது வருஷம் நடக்கிறது. கடலில் நின்ற உன் அத்தான் இங்கே தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நடுகிறார்.

உன் பிள்ளையின் சலரோகத்துக்கு இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். கப்பல் வந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து தருகிறார்கள். தந்தாலும் வெக்கையில் பழுதாகிவிடும், குளிரில் வையுங்கோ என்கிறார் டொக்டர். குளிருக்கு நான் எங்கே போக? ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் மருந்தை வைத்து, இறுக்கி மூடி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தண்ணீருக்குச் சற்று மேலே தொங்க விடுகிறோம்.

அந்தக் கிணறும் எங்களுடையது இல்லை. நாங்கள் கொட்டில் போட்டிருக்கும் காணி பொன்னம்பலத்தாருடையது. அவர் வாய் இல்லாத மனிசன். வாய் முழுக்க அவரின் பெண்சாதி செல்வநாயகிக்குத்தான். கடற்கரை ஆட்கள் கிணற்றுக் கட்டில் ஏறக் கூடாதாம். குடிதண்ணீரை அவள் அள்ளி எங்கள் குடத்தில் ஊற்றுவாள். மருந்தும் அப்படித்தான். காலமையும் பின்னேரமும் உன் மகள் கட்டுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அவள் தன் வேலையை முடித்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, ஆறுதலாய் வந்து கயிற்றை இழுப்பாள்.

"நீ கயித்திலை கை வையாதை மலர். நான் எடுத்துத் தாறன்தானே" என்பாள்.

எடுத்துத் தருகிறாள்தான். எனக்குப் பற்றி எரிவதும் அதனால்தான்.

பத்மாசினி செத்தபோதும் நீ வரவில்லை. ஓடிவந்த வழியில் ஷெல் பட்டுச் செத்த உன் மனிசிக்கு அத்தான்தான் கொள்ளி வைத்தார். பாதை பூட்டு என்றாய், சரி என்று விட்டோம். இப்போது வா. வந்து உன் பிள்ளையைக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ கூட்டிக்கொண்டு போ. உன்னை நாங்கள் விளையாட்டுப் பார்க்க அனுப்பவில்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொள். உனக்குச் சின்ன வயதிலும் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும்.

கோபத்தோடு,
அக்கா


யப்பான்,
29.11.1992

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி தியாகராசா எழுதிக்கொள்வது. உங்கள் மூவரின் சுகத்துக்கும் நம் ஊர் அம்மனைக் கும்பிடுகிறேன். இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. மற்றப்படி குறை இல்லை.

உங்கள் ஏச்சு முழுவதும் வந்து சேர்ந்தது. நான் விளையாட்டுப் பார்க்கவில்லை அக்கா. அந்த ஐஸை உறைய வைப்பவன் நான். மயிலிட்டி ஐஸ் கொம்பனியில் ஓடிய அதே அமோனியா இங்கே தரைக்கு அடியில் குழாய் குழாயாக ஓடுகிறது. அங்கே மீனுக்கு உறைய வைத்தேன், இங்கே ஹொக்கிக்கு உறைய வைக்கிறேன். நான் மெசினை விட்டு ஒரு பொழுது விலகினால் ஐஸ் வியர்க்கத் தொடங்கிவிடும். ஆட்கள் சறுக்க மாட்டார்கள், விழுவார்கள்.

என்னால் வர ஏலாத காரணத்தை இதுவரை நான் எழுதவில்லை. என் விசா முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்த நாட்டை விட்டு ஒருதரம் வெளியே போனால் பிறகு கால் வைக்க விடமாட்டார்கள். பங்குனிப் போட்டி ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால் தானே கையெழுத்துப் போட்டு எனக்குப் பேப்பர் எடுத்துத் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். பேப்பர் கிடைத்தால் பிள்ளையை இங்கேயே கூப்பிடுவேன். இங்கே மருந்துக்கு எவரின் கிணற்றடியிலும் நிற்கத் தேவையில்லை. பங்குனி மட்டும் பொறுங்கள்.

இதைத் தர்மினிக்கு வாசித்துக் காட்டுங்கள். மகளே, பக்கத்துக்கு ஆறு பேர் விளையாடுவார்கள். கோல் காக்கிறவன் மெத்தை கட்டின மாதிரி உடுத்துக்கொண்டு நிற்பான். யப்பான், சீனா, கொரியா எல்லாம் வருகின்றன. எங்களைப் போலக் கறுத்த, தென்னைமரம் உள்ள நாடு ஒன்றும் வருகிறது. அவர்களின் ஊரில் சர்பத்துக்கு மட்டும்தான் ஐஸாம். கடைக் கட்டிடம் ஒன்றுக்குள் சின்னத் தளம் அமைத்துப் பழகினார்களாம். இங்கே எல்லோரும் இப்போதே சிரிக்கிறார்கள். அப்பா அவர்கள் பக்கம்.

அத்தானைச் சுகம் கேட்டதாய்ச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
தியாகராசா


உரும்பிராய்,
10.01.1993

தம்பி தியாகராசாவுக்கு,

பொங்கல் வருகிறது, ஆகவே நல்ல சொல் நாலு எழுத வேண்டும். என்னிடம் இப்போது இல்லை. நாங்கள் சுகம், நீயும் சுகமாய் இரு. மிச்சத்தைக் கேள்.

போன கிழமை செல்வநாயகி மருதனார்மடம் சந்தைக்குப் போனாள். போனவள் அப்படியே சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்விட்டாள். பின்னேர ஊசிக்குப் பிள்ளை கிணற்றடியில் நிற்கிறாள், நிற்கிறாள், ஆளைக் காணவில்லை. பொன்னம்பலத்தாரைக் கேட்டால், "அவ வரட்டும், எனக்குத் தெரியாது" என்கிறார். பிள்ளையின் முகம் வாடிக்கொண்டு போகிறது. மருந்து கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது. நான் கட்டில் ஏறினேன். கயிற்றை இழுத்தேன். ஊசியைப் போட்டேன்.

அவள் வந்து என் ஈரக்கால் அடையாளத்தைக் கண்டுவிட்டாள்.

"நான் வரும்வரைக்கும் பொறுக்க ஏலாதோ? இனி உந்தத் தண்ணியிலை நான் சாமிக்குப் பொங்கிறதோ?" என்றாள்.

"என்ரை பிள்ளை செத்தால் உங்கடை சாமி பொங்கல் தின்னுமோ?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் கிணற்றை முழுக்க இறைத்துக் கழித்தாள். இறைக்க ஏற்றத் துலா மிதிக்கக் கூலிக்கு ஆரைப் பிடித்தாள் தெரியுமா? உன் அத்தானை. துலாவில் ஏறி மிதிக்கலாமாம், கயிற்றில் கை வைக்கத்தான் கூடாதாம். அந்த மனிசனும் போய் மிதித்தார். நான் தொட்ட தண்ணீரை என் புருஷனே இறைத்து ஊற்றினார். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை.

பங்குனி மட்டும் பொறு என்கிறாய். நாடுகள் எல்லாம் வந்து தட்டு அடித்து முடியும்வரை உன் மகள் அந்தக் கிணற்றடியில் நிற்க வேண்டும். நீ ஐஸ்காரன் என்று பெரிதாய் எழுதுகிறாயே, உன் பிள்ளையின் மருந்துக்கு ஒரு பிடி குளிர் அனுப்ப உன்னால் முடியாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


யப்பான்,
02.02.1993

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிறேன். உங்கள் கடிதம், என் அதிர்ஷ்டம், கெதியாய் வந்தது. கிணறு இறைத்த கதையை வாசித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஐஸில் கிடந்த மீனை வாங்கித் தின்ற ஆட்கள்தானே அவர்கள். அப்போது தீட்டு இருக்கவில்லையா?

இனிமேல் நீங்கள் எவரின் கிணற்றுக்கும் போகத் தேவையில்லை. இதைக் கொண்டு வருபவர் முத்துக்குமாரு. உடுப்பிட்டி ஆள், இங்கே என்னோடு இருந்தவர், ஊரோடு திரும்பிப் போகிறார். அவர் கையில் ஆறு மாதத்துக்குக் காணும் மருந்து இருக்கிறது. முதலாளியின் டொக்டர் எழுதித் தந்தார். குளிரில் வைக்கச் சொல்லிவிட்டு மருந்துக்கடைப் பெண் இன்னும் என்னவோ விளக்கிக்கொண்டு நின்றாள். குளிரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாள் என்று சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முத்துக்குமாரு புறப்படும்வரை மருந்தை இங்கே இருப்பதிலேயே கடுங்குளிரான அறையில், மெசின் பக்கத்தில் வைத்திருந்தேன். கல்லுப் போல உறைந்துவிட்டது. நீங்களே பாருங்கள், வைரம் மாதிரி. பிறகு பிளாஸ்க்கில் ஐஸ் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். கொழும்பிலும் வவுனியாவிலும் ஐஸ் மாற்றச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும்தானே, நன்றாய்க் குளிர் ஏறின மீன் கரையில் கிடந்தாலும் தாங்கும், அரைகுறையாய் ஏறினது உடனே நாறும். மருந்தும் அப்படித்தான். கொட்டிலில் ஈரமண் பானைக்குள் வைத்தாலே போதும்.

மண்டபத்தில் கொடிகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். தென்னைமரத்து நாட்டின் கொடியை நானே ஏணியில் ஏறிக் கட்டினேன் என்று தர்மினியிடம் சொல்லுங்கள்.

தம்பி,
தியாகராசா


உரும்பிராய்,
21.02.1993

அன்புத் தம்பி தியாகராசாவுக்கு,

நல்ல சுகம். நீயும் நீடூழி வாழ வேண்டும். இந்த வருஷத்தில் முதல்தரம் மனதார எழுதுகிறேன்.

முத்துக்குமாரு வந்தார். மருந்து கொண்டுபோகத் தடை என்று வவுனியாவில் ஆமி மறித்துக் கேட்டதற்குத் தனக்குத்தான் சலரோகம் என்று ஊசியைக் காட்டித் தப்பினாராம். கிளாலியில் வள்ளம் ஏறி, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். திறந்து விரலை விட்டேன். அந்தக் குளிர். எனக்கு எங்கள் ஐஸ் கொம்பனி வாசல் நினைவு வந்துவிட்டது.

பிறகு செய்ததைக் கேள். வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனேன். செல்வநாயகி பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தாள். அவள் பார்க்கப் பார்க்கக் கட்டில் ஏறி, மருந்துக் கயிற்றை அறுத்து விட்டேன். போத்தல் தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தது.

"இந்தாங்கோ உங்கடை கிணறு. வேணுமெண்டால் இன்னொருக்கால் இறையுங்கோ. எங்களுக்கு யப்பானிலை இருந்து தம்பி அனுப்பியிருக்கிறான்" என்றேன்.

கழுவின பாத்திரத்தையே அவள் திரும்பவும் கழுவினாள். போத்தலுக்குள் ஆஸ்பத்திரி மருந்து அரைக்குப்பி இருந்தது. கிடக்கட்டும். ஆஸ்பத்திரியிலும் இந்த மாதத்துப் பங்கை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

உன் போட்டி நல்லபடி நடக்கட்டும். அந்தத் தென்னைமரத்து ஆட்கள் ஒரு கோலாவது அடிப்பார்களா என்று பிள்ளை தினமும் கேட்கிறாள்.

அன்பு அக்கா,
இராசமலர்


உரும்பிராய்,
09.03.1993

தம்பி தியாகராசாவுக்கு,

சுகம்தான், ஆனால் உன் மகளால் எனக்குச் சுகம் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு மருந்து அனுப்பினாய். அவள் கள்ளமாய்ப் பனங்கட்டி தின்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேள். சிறுநீர் கழிக்கிற இடத்தில் எறும்பு மொய்க்கிறது. தண்ணீர், தண்ணீர் என்று குடம் குடமாய்க் குடிக்கிறாள். உடம்பு வற்றிக்கொண்டு போகிறது, சட்டை தோளில் நிற்கவில்லை. இதெல்லாம் சீனி கூடினால் வருகிறவை என்று டொக்டர் முந்தியே சொன்னவர். மருந்து முதல்தரமான மருந்து. அப்படியென்றால் வாயில்தானே பிழை.

பால் விடாத பிளேன்ரீக்குக் கடிக்க வைத்திருந்த பனங்கட்டி ஓலைக் குட்டானை எடுத்துப் பார்த்தேன். குறைந்த மாதிரித்தான் இருந்தது. கேட்டால், "நான் தின்னேல்லை மாமி" என்கிறாள். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள். பொய் சொல்கிற பிள்ளையை என்ன செய்ய? அகப்பைக் காம்பால் அடித்துப் போட்டேன். அத்தான் வந்து பிடித்திராவிட்டால் இன்னும் அடித்திருப்பேன். ஊசியின் அளவையும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறேன்.

நீயும் இரண்டு வரி கண்டித்து எழுது. அப்பா சொன்னால் கேட்பாள்.

அக்கா


யப்பான்,
11.03.1993

அக்கா,

சுகம் கேட்க நேரம் இல்லை. நான் அனுப்பிய மருந்தைப் போட வேண்டாம். இதை முதலில் வாசியுங்கள். அந்த மருந்து ஒன்றையும் போட வேண்டாம். பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

போட்டி தொடங்கிவிட்டது. இன்று அந்தத் தென்னைமரத்து நாட்டுக்காரர் முதல் ஆட்டத்தில் எண்ண முடியாத அளவு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆட்டம் முடிய அவர்களின் டொக்டர் கையில் ஒரு பெட்டியோடு வந்தார். அவர்களில் ஒரு பெடியனுக்கும் சலரோகமாம். இன்சுலினைக் குளிரில் வைக்க இடம் கேட்டார். என் கடுங்குளிர் அறையைப் பெருமையாய்த் திறந்து காட்டினேன். அவர் பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டுமாம், ஆனால் உறையவே கூடாதாம். ஒருதரம் உறைந்தால் சத்துப் போய்விடும், பிறகு எறிய வேண்டியதுதானாம்.

என்னிடம் மிச்சம் இருந்த ஒரு குப்பியை எடுத்துக் கையில் உருக்கிக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் தவிடு மாதிரி ஒட்டிக் கிடந்தது. "இதை யாருக்கும் கொடுத்தாயா?" என்று இங்கிலீசில் கேட்டார். என் மகளுக்கு என்று சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடி வந்து இதை எழுதுகிறேன்.

மீன் வேறு, மருந்து வேறு அக்கா. எனக்கு அது தெரியாமல் போச்சுது.

தியாகராசா


செஞ்சிலுவைச் சங்கக் குடும்பச் செய்தி
12.03.1993

பெறுபவர்: திருமதி இராசமலர் தம்பிஐயா, மேல்பார்வை பொன்னம்பலம், உரும்பிராய்.

யப்பான் மருந்து உறைந்து பழுது. போட வேண்டாம். ஆஸ்பத்திரி மருந்து மட்டும் போடவும். உடனே. தம்பி தியாகராசா.


யாழ்ப்பாணம்,
27.03.1993

அன்புள்ள தம்பி தியாகராசாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

தர்மினிக்குச் சற்றுச் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். கண் திறக்கவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது. இங்கே மருந்து குறைவு, கப்பல் வரவில்லை. எங்களிடம் சொந்த மருந்து இருக்கிறது, இங்குள்ளதை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுங்கோ என்று டொக்டரிடம் சொன்னேன். உன் மருந்தைத்தான் போடுகிறோம்.

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. போட்டி நல்லபடி முடிந்திருக்கும். உன் அலுவலைப் பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


யப்பான்,
02.05.1993

அக்கா,

எப்படிச் சுகம் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் மூன்று கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. கயிற்றை அறுத்தது, பிள்ளையை அடித்தது, பிறகு அந்தச் சின்னக் கடிதம். மூன்றையும் வரிசையாக வைத்து வாசித்தேன். முதல் இரண்டும் என்னைக் கொன்றன. மூன்றாவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதில் ஏச்சு இல்லை. எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள் ஏசாமல் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. பத்மாசினி செத்ததை எழுதியபோதுகூட ஏசினீர்கள். இப்படி மரியாதையாய் எழுதினால் நான் என்ன என்று நினைப்பது?

உங்களுக்கு அவசரச் செய்தி அனுப்பப் போன செஞ்சிலுவைக் கந்தோர் வேறு பட்டினத்தில். மெசினை ஒரு புதுப் பெடியனிடம் விட்டுவிட்டு ரெயில் ஏறினேன். நான் திரும்பி வரும்போது ஐஸ் வியர்த்துவிட்டது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, இரண்டு நாட்டுக்காரரும் நனைந்த காலோடு வெளியே நின்றார்கள். முதலாளி கையை நீட்டி மெசின் அறைக் கதவின் திறப்பைக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு போட்டியில் ஆர் வென்றது, ஆர் தோற்றது எனக்குத் தெரியாது. பேப்பரும் இல்லை, வேலையும் இல்லை. அதை நான் முறைப்பாடாக எழுதவில்லை.

கூட இருந்த ஒருவரின் அறையில் படுக்கிறேன். தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னை ஏசுங்கள் அக்கா. வாயில் வந்ததை எல்லாம் எழுதி ஏசுங்கள்.

தியாகராசா


உரும்பிராய்,
14.06.1993

தம்பி தியாகராசாவுக்கு,

நீ கேட்டபடி ஏசுகிறேன். சுகம் எல்லாம் கடைசியில்.

மூதேவி. மருந்துக்கடைக்காரி வாய் வலிக்கச் சொல்ல, சிரித்துக்கொண்டு வந்தானாம் பெரிய ஐஸ்காரன். உனக்கு உலகத்தில் எல்லாமே மீன்தானா? உன் பிள்ளை அறக்குளா மீனா, பெட்டியில் அடைக்க? உன்னைச் சொல்லி என்ன, உன்னோடு பிறந்தவள் நான். அந்தப் பிளாஸ்க்குக்குள் விரலை விட்டுப் பூரித்தவள் நான். குளிர் என்றதும் இரண்டு பேருக்கும் புத்தி உறைந்துவிட்டது.

மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை போட்டவர்களை ஏச எனக்கு விலாசம் தெரியாது. உன் விலாசம்தான் தெரியும். ஆகவே அவர்களின் பங்கையும் நீயே வாங்கிக்கொள்.

நான் அந்தச் சின்னக் கடிதம் எழுதின அடுத்த நாள் நடந்தது இது. உன் செஞ்சிலுவைச் செய்தியைக் கொண்டு வந்தவர்கள் எங்களைக் காணாமல் பொன்னம்பலத்தார் வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். மூடாத கடதாசி. செல்வநாயகி வாசித்துவிட்டாள். அந்த வெயிலில், புருஷனின் சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு உரும்பிராயில் இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாள். ஒரு கையில் உன் கடதாசி. மற்றக் கையில் ஈரத் துணி சுற்றின ஹோர்லிக்ஸ் போத்தல்.

நான் அறுத்து விட்ட அதே போத்தல். அன்றைக்கே வாளியால் மொண்டு எடுத்து, தன் கையாலேயே புதுக்கயிறு கட்டித் திரும்பத் தொங்க விட்டிருக்கிறாள்.

"உங்கடை போத்தல் என்ரை கிணத்துக்கை கிடந்து ஊறக் கூடாதெண்டுதான் எடுத்தனான்" என்றாள். பிறகு, "மருந்தெல்லே. எறிய மனம் வரேல்லை" என்றாள்.

டொக்டர் உன் குப்பியை யன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். தவிடு. கீழே வைத்துவிட்டு, கிணற்றுக் குப்பியை எடுத்தார். அந்த அரைக்குப்பியும் சேலைனும்தான் கப்பல் வரும்வரை பிள்ளையைப் பிடித்து வைத்தன. மூன்றாம் நாள் கண் திறந்தாள். திறந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல்லை எழுதுகிறேன், நீயும் கேட்டுக்கொள்.

"மாமி, நான் தின்னேல்லை எண்டு சொன்னனான்தானே."

அகப்பையை அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். இப்போது சிரட்டையால் கறி அள்ளுகிறேன்.

செல்வநாயகி கதை இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலமை பிள்ளையோடு கிணற்றடிக்குப் போகிறேன், அவள் பழையபடி கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "நில்லு மலர், நான் எடுத்துத் தாறன்" என்கிறாள். எனக்கு வந்த கோபம் எப்படிப்பட்டதென்றால், அழுகையும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளின் காலைப் பிடித்திருப்பேன். இங்கே அந்தக் கயிற்றைப் பிடிக்கக் கூடாதாம்.

"என்ரை பிள்ளையை நீங்கள்தான் காப்பாத்தினனீங்கள். ஓம், சாகும்வரைக்கும் சொல்லுவன். அதுக்காகக் கீழை நிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுக் கட்டில் ஏறிக் கயிற்றை நானே இழுத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து நான்தான் இழுக்கிறேன். கிணறு இறைக்க அத்தானை இன்னும் கூப்பிடவில்லை.

பேப்பர் போய்விட்டது, வேலை போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். நல்லதாய்ப் போச்சு. இனி உனக்கு அங்கே ஒரு அலுவலும் இல்லை. ஐஸும் வேண்டாம், பிளாஸ்க்கும் வேண்டாம். வெறுங்கையோடு வா.

நாங்கள் சுகம். தர்மினி எழும்பி நடக்கிறாள், கொஞ்சம் தேறியிருக்கிறாள். அந்தத் தென்னைமரத்து ஆட்கள் கடைசியில் ஒரு கோலாவது அடித்தார்களா என்று கேட்கிறாள். தெரியாது என்று எழுதினாயே, அந்தக் கதை இங்கே எடுபடாது. ஆரையாவது கேட்டு அறிந்துகொள். அறிந்ததைக் கடிதத்தில் எழுதாதே. வந்து அவளுக்கு நேரே சொல்லு.

அக்கா,
இராசமலர்